மும்பை குர்லாவில் பங்கார் (பழைய இரும்பு) சந்தில் பார்த்த மாடி பஸ். உங்களுக்கும் ஏதாவது உண்டா?

சயான்காரன்:
மும்பையின் கடைசி டீசல் மாடி பஸ், 415-ஆம் நம்பர், கடைசியாக ஓடிய நாளைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். 2023 செப்டம்பர் 15, அந்தேரி அகர்கர் சவுக்கிலிருந்து சீப்ஸ் தொழிற்பேட்டை வரை, ஆளுக்கு ஒரு செல்ஃபி. நான் போகவில்லை, ஆபீஸ். என்னை அரிப்பது வேறு. அதற்குக் கொஞ்ச காலம் முன்னால் குர்லாவில், பங்கார் கடைகள் இருக்கும் சந்துக்கு, ஸ்கூட்டருக்கு ஒரு சாமான் தேடிப் போனேன். சுவரோரமாக நம்ம சிவப்பு வண்டி. கேஸ் கட்டர் வைத்துப் பாதி அறுத்தாயிற்று. மாடி சுத்தமாகப் போய்விட்டது. படிக்கட்டு மட்டும் அப்படியே நிற்கிறது. வளைந்து ஏறுகிறது, மேலே ஒன்றும் இல்லை. வெறும் வெயில்.

கீழே குப்பையோடு ஒரு தகடு கிடந்தது. மேல் தளத்தில் நின்றுகொண்டு பயணம் செய்யாதீர்கள் என்று மராத்தியில். ஐந்நூறு என்றார் கடைக்காரர். முந்நூறு என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் ரோஷமாகக் கிளம்பி வந்துவிட்டேன். இருநூறு ரூபாய்!

தாராவிப் பேரன்:
எங்களுக்கு 310தான். தாராவியிலிருந்து கலாநகர் வரை நடை, அங்கே ஏறினால் குர்லா ஸ்டேஷன். சித்தி வீட்டுக்கு மாதம் ஒரு தடவை. மாடியில் முன் சீட் கிடைத்தால் அன்றைக்கு நான்தான் டிரைவர். மரக்கிளை கண்ணாடியில் ‘சடார்’ என்று அடிக்கும், கண்ணாடி இருப்பது தெரிந்தும் தலையைக் குனிவோம்.

கூட வருவது ஆச்சி. முட்டுவலி. “ஏலே, நீ மேல போ, நான் இங்கனயே இருக்கேன்” என்று கீழே உட்கார்ந்துவிடும். இறங்கினதும் “மேல என்னத்தலே பாத்தே?” என்று கேட்கும். நான் “ஒண்ணுமில்ல ஆச்சி” என்பேன். பத்து வருஷம் அந்த பஸ்ஸில் போன கிழவி கடைசிவரை மாடியைப் பார்க்கவில்லை. நானும் ஒரு நாள்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. நல்லா ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் கொன்றுவிட்டார்கள் சார்.

செம்பூர் ஒர்க்‌ஷாப்:
தம்பி, ஆச்சி கதை சரி. “கொன்றுவிட்டார்கள்” என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1937-இல் வந்த சேவை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய 900 வண்டி ஓடியது, கடைசியில் மிஞ்சியது 7. அதிலும் 3 கூரையில்லாத சுற்றுலா வண்டி. ஏன்? ஒரு டிரைவர், மேலே ஒரு கண்டக்டர், கீழே ஒரு கண்டக்டர் என்று மூன்று சம்பளம். டீசல் குடி. அப்புறம் 15 வருஷம் முடிந்தால் ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும். யாரும் கழுத்தை நெரிக்கவில்லை.

நான் தனியார் பஸ் கம்பெனியில் முப்பது வருஷம் மெக்கானிக். மாடி பஸ்ஸில் போனது கல்யாணமான புதிதில் ஒரே தடவை, அவளுக்குத் தலைசுற்றிப் பாதியில் இறங்கிவிட்டோம். என் கதை அவ்வளவுதான்.

ஆனால் ‘பாதுகாக்கணும்’ என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பஸ் ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். மும்பையில் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை மழை, மீதி நாள் உப்புக்காற்று. திறந்தவெளியில் நிறுத்தினால் முதலில் ஜன்னல் ரப்பர் வெடிக்கும். அது வழியாகத் தண்ணீர் இறங்கி, மாடித் தரையில் பலகை ஊறும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், பலகைக்கு அடியில் துரு தின்றுகொண்டிருக்கும். அதனால் முதல் செலவு கூரைக்கு, பெயின்டுக்கு அல்ல. அச்சுக்குக் கீழே முட்டுக்கொடுத்து டயர் மேலிருந்து பாரத்தை எடுக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும். பிரேக்குக்கான ஏர் டேங்கில் சேரும் தண்ணீரை மறக்காமல் வடிக்க வேண்டும். மாதம் ஒரு தடவையாவது இன்ஜின் சூடாகும்வரை ஓடவிட வேண்டும், முடிந்தால் பத்தடி நகர்த்த வேண்டும். இதற்கெல்லாம் ஆள் போடாமல் மாலை மட்டும் போட்டால், அது காட்சிப்பொருள் இல்லை, காயலான் சரக்கு. ஏக்கம் வந்தால் 2023 பிப்ரவரியில் வந்த ஏசி எலெக்ட்ரிக் மாடி பஸ்ஸில் போங்கள். அதிலும் மாடி இருக்கிறது.

மாட்டுங்கா மாமி:
அந்த ஏசி வண்டியில் ஜன்னலைத் திறக்க முடியுமா? முடியாது. அப்புறம் என்ன மாடி! கூரையில்லாத வண்டியும் அதே வருஷம் அக்டோபர் 5-ஆம் தேதியோடு போயாச்சு. பொங்கல் லீவுக்கு வந்திருந்த அக்கா பெண்ணை அதில் கூட்டிக்கொண்டு போனேன். சிஎஸ்எம்டி ரயில் நிலையக் கட்டடத்து விளக்கைப் பார்த்து வாயைத் திறந்தவள் மெரைன் டிரைவ் வந்துதான் மூடினாள்.

இன்னொன்று. சிஎஸ்எம்டி எதிரே பாட்டியா பாகில் டிராம் ஒன்று நிற்கிறதே, கவனித்தீர்களா? அது கொல்கத்தாவிலிருந்து வந்தது. நம்ம ஊர் டிராம் 1964 மார்ச் 31-ஆம் தேதி நின்றது. காட்சிக்கு வைக்க வேறு ஊரில் கை நீட்டியாச்சு. அதனால்தான் இரண்டு மாடி பஸ்ஸாவது ஆனிக் டிப்போ மியூசியத்தில் இருக்கட்டும் என்று பயணிகள் சங்கத்தார் 2023-இலேயே கேட்டார்கள். அவர்களுக்குப் போய்ப் பேட்டரி பாடம் எடுக்கிறீர்களே சார்.

எண்ணூர்ப் பையன், இப்போது முலுண்டு:
சண்டை வேண்டாம். லேலண்ட் டைட்டன் என்கிற மாடி பஸ் எங்க ஊர்த் தொழிற்சாலையில் செய்த வண்டி. சென்னையில் 18ஏ, பிராட்வே–தாம்பரம், மாடியில் போய்ப் பழகியவன் நான். பம்பாய் வந்த முதல் வாரம் பாஷை தெரியாமல் முழித்துக்கொண்டு குர்லாவில் நிற்கிறேன், எதிரே மாடி பஸ். எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன். கண்டக்டர் மராத்தியில் ஏதோ கேட்டார். “தாம்பரம்” என்று வாயில் வந்துவிட்டது. அவர் யோசித்து, கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் கொடுத்தார்.

தாராவிப் பேரன்:
சயான் அண்ணே, ஒரு சந்தேகம். அந்தப் படிக்கட்டில் எத்தனை படி என்று எண்ணினீர்களா? ஆச்சி “ஒம்பது படி, எனக்கு ஆவாதுலே” என்று சொல்லும். ஏறாமலே எப்படி எண்ணிச்சோ.

சயான்காரன்:
எண்ணவில்லை தம்பி. மறுநாள் ஐந்நூறோடு திரும்பிப் போனேன். தகடும் இல்லை, படிக்கட்டும் இல்லை. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை, அதன் மேல் நாய் படுத்திருந்தது.