பல வீட்டு அரிசி

ஆண்டவர் செய்ததைச் சபையில் சாட்சியாகச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் கஷ்டம் தீர்ந்த பிறகுதான் சொல்லுவார்கள். எனக்கு இன்னும் தீரவில்லை, நகைக்கடன் பாதி நிற்கிறது. ஆனாலும் மனதுக்குள் சமாதானம் வந்ததைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

தூத்துக்குடி மாவட்டம் ஏரலில் எனக்குச் சின்னப் பலசரக்குக் கடை. 2023 டிசம்பரில், கிறிஸ்துமஸ் பலகாரம் சுடுகிற நாள் வருகிறதே என்று மனைவியின் வளையல்களை அடகு வைத்துச் சரக்கு இறக்கினேன். மைதா, சீனி, எண்ணெய், உடன்குடிக் கருப்பட்டி. 17-ஆம் தேதி பிடித்த மழையை நம் பக்கத்தில் யாராலும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது. பிள்ளைகளைத் தார்ப்பாய்க்குள் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி மொட்டை மாடியில் கிடந்தோம். தண்ணீர் வடிந்து ஷட்டரைத் தூக்கினால் கடைக்குள் ஒரே இனிப்பு வாடை. கருப்பட்டி அத்தனையும் கரைந்து சேற்றோடு சேர்ந்திருந்தது. அந்த வாடை மாதக்கணக்கில் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

நாங்கள் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ராத்திரி குடும்ப ஜெபம் தவறாது. அன்றைக்கு ஜெபிக்க உட்கார்ந்தேன், வாய் வரவில்லை. கோபம். யார் மேல் என்று சொல்லவும் பயம். நாலு நாள் அப்படியே போனது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போவார்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு வீட்டுச் சுவரே விழுந்திருந்தது. நனைந்த பைபிளை வெயிலில் ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். "எய்யா, ஜெபம் வரலன்னா சங்கீதம் 13 வாசி. தாவீதும் ஆண்டவர்ட்ட மனசு வெறுத்துத்தான் பேசுதாரு, பாத்துக்கோ."

வாசித்தேன். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறார். 23-ஆம் சங்கீதத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொல்லிப் பரிசு வாங்கியவன் நான். இதை யாரும் படிக்கச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும். சேற்றை அள்ளிக்கொண்டே அந்த ஒரு வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அப்போதுதான் அழுகை வந்தது. ஜெபமும் அதிலிருந்துதான் திரும்ப ஆரம்பித்தது.

கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்குப் பழைய துணியோடு போனோம். கோயில் சுவரில் சேற்றுக்கோடு அழியாமல் நின்றது. ஆராதனை முடிந்ததும் செம்மணல் தேரிப் பக்கத்துச் சபை ஒன்றிலிருந்து வந்த அரிசியைப் பங்கு வைத்தார்கள். கைப்பிடி அரிசி. உலை வைக்கும்போதெல்லாம் நம் பெண்கள் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டு வைப்பார்களே, அதுதான். புழுங்கல், பச்சை, ரேஷன், சன்னம், மோட்டா எல்லாம் ஒரே பையில். பொங்கினால் பாதி குழைந்தது, பாதி விதைவிதையாக நின்றது. அந்தச் சோற்றை வாயில் வைக்கும்போது ஒன்று தோன்றியது. மழை வருமென்றோ, நாங்கள் முழுகுவோமென்றோ யாருக்கும் தெரியாத நாளில் எடுத்து வைத்த பிடிகள் இவை. எங்களை யாரென்றே தெரியாத வீடுகளில், எங்களுக்கு முன்பே ஆண்டவர் அரிசி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரியில் குடும்பத்தோடு திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூர் போய்வந்தோம். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டவர். 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் அறையோடுதான் இருந்தார். எத்தனை பேர் அவருக்காக ஜெபித்திருப்பார்கள்! பழையபடி எழுந்து நடக்கவில்லை. அந்த அறையிலிருந்தே புத்தகங்கள் எழுதினார். அவர் கல்லறையில் பறவைகளுக்கென்று ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. என் மனைவி அதன் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். இப்போது எங்கள் வீட்டு உலையிலிருந்தும் தினம் ஒரு பிடி அதில் விழுகிறது.

கடனுக்குத் தவணை கட்டும் வாரம் எனக்கு இன்னமும் நெஞ்சு படபடக்கும். அந்த வாரமெல்லாம் வீட்டு ஜெபத்தில் சங்கீதம் 13-தான். மூத்தவனுக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. கரண்ட் போனாலும் இருட்டிலேயே சொல்லுவான்.