தி. ஜானகிராமனின் 'அமிர்தம்' வாசித்தவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம், திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு தி.ஜா. என்றால் உயிர். 'மோகமுள்' மூன்று தரம் வாசித்துவிட்டேன், 'அம்மா வந்தாள்' அலங்காரத்தம்மாளை இன்னும் மனதைவிட்டு இறக்க முடியவில்லை. அதனால்தான் அவருடைய முதல் நாவலான 'அமிர்தம்' கிடைத்ததும் அன்று பின்னேரமே டச்சுப் பே கடற்கரைக்குக் கொண்டுபோய் உட்கார்ந்தேன். மான் ஒன்று பக்கத்தில் வந்து கடலைப் பையை மோந்துகொண்டு நின்றதுகூடக் கவனிக்காமல் முதல் ஐம்பது பக்கம் ஓடியது, அப்புறம் மனம் ஒட்டவே இல்லை.

கதை நல்ல கதைதான். தாசி குலத்தில் பிறந்த பெண் அந்த வாழ்க்கையே வேண்டாம் என்று நிற்கிறாள். ஆனால் மனதில் இருப்பதையெல்லாம் பாத்திரங்களே விளக்கிச் சொல்லிவிடுகிறார்கள். 'மோகமுள்'ளில் ரங்கண்ணா தம்புராவோடு உட்கார்ந்தால் நமக்கே காது திறக்குமே, யமுனா ஒரு வார்த்தை பேசாமல் நின்றாலே போதுமே, அது இதில் எங்கே? இருபதுகளின் தொடக்கத்தில் எழுதியது என்று தெரியும், இருந்தும் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.

வருகிற போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றி நான் பேச வேண்டும். பிடித்த எழுத்தாளரைக் குறை மட்டும் சொல்லிவிட்டு வர மனமில்லை. பின்னால் வந்த தி.ஜா. இந்த நாவலில் எந்த இடத்திலாவது உங்களுக்குத் தெரிந்தாரா? எந்த அத்தியாயத்தை நான் திரும்ப வாசிக்கலாம்? அடுத்தது 'மலர் மஞ்சம்' எடுக்கட்டுமா, 'செம்பருத்தி'க்குப் போகட்டுமா? தயவுசெய்து சொல்லுங்கள்.