உள்ளூர் நிர்வாகக் கவுன்சிலிலிருந்து சத்தப் புகார்க் கடிதம் வந்திருக்கிறது, வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களா?

மாடிவீடு24

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. இன்று மதியம் ஒரு கடிதம் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து சத்தம் வருவதாக யாரோ புகார் கொடுத்திருக்கிறார்களாம். நடவடிக்கை, நோட்டீஸ், நீதிமன்றம் என்று மூன்று சொற்களும் அதில் இருக்கின்றன. படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. அவர் வேலைக்குப் போயிருக்கிறார், வர நள்ளிரவு தாண்டும். குழந்தையைத் தரையில் விடவே பயமாக இருக்கிறது, மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களா? விசாவுக்கு ஏதாவது ஆகுமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பழையபெட்டி

பயப்படாதீர்கள் அம்மா. முதலில் குழந்தையை இறக்கி விளையாட விடுங்கள். நான் 2004-ல் வந்தவன். முதல் குளிர்காலம் முழுக்க ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தோம். கீழே குடியிருந்தவர் கட்டையால் கூரையை இடிப்பார். நாங்கள் இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு நடப்போம். ராத்திரியில் கழிவறைத் தண்ணீரைக்கூடத் திறந்துவிட மாட்டோம். ஆறு மாதம் அப்படியே ஓடியது. வீட்டு ஓனரிடம் சொன்னால் பிடிக்காவிட்டால் போங்கள் என்பார். முன்பணத்தையும் கடைசியில் தரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், ஓனரிடம் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். நேரே கீழ்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி ஒரு மன்னிப்புக் கேளுங்கள். அவர்களும் மனிதர்கள்தானே.

கிவித்தமிழன்

இங்கே நியூசிலாந்தில் கடிதமெல்லாம் பிறகுதான். புகார் போன உடனே, எந்த நேரமானாலும், கவுன்சில் ஆள் வாசலில் வந்து நிற்பார். காதால் கேட்டே முடிவு பண்ணுவார். சத்தம் அதிகம் என்று அவருக்குப் பட்டால் கையோடு ஒரு உத்தரவு எழுதிக் கொடுப்பார், அது 72 மணி நேரம் வரை செல்லும். அதற்குள் மறுபடி சத்தம் வந்தால் போலீஸைக் கூட்டிக்கொண்டு வந்து ஸ்பீக்கரையே எடுத்துப் போகலாம். 1991-ம் ஆண்டு வளமேலாண்மைச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. வந்த புதிதில் எங்கள் வீட்டுக் கொண்டாட்டத்துக்கு ஒரு முறை வந்தார்கள். உடனே அணைத்துவிட்டோம், அதோடு முடிந்தது. நீங்களும் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள்.

மாடிவீடு24

எங்களிடம் ஸ்பீக்கரே இல்லை அண்ணா.

தூக்கமில்லாதவன்

தங்கை எந்த நாடு என்றே இன்னும் சொல்லவில்லை. கடிதம் யாருடையது, கவுன்சிலா, வீட்டு ஓனரா, ஏஜென்டா? என்ன சத்தம், எத்தனை மணிக்கு? இதெல்லாம் தெரியாமல் யார் பதில் சொன்னாலும் ஊகம்தான்.

பழையபெட்டி ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் கதவைத் தட்ட வேண்டாம் என்பேன். புகார் கொடுத்தவர் யாரென்று கவுன்சில் பொதுவாகச் சொல்லாது. கீழ்வீடு என்று நாமாக நினைத்துக்கொண்டு போவோம், உண்மையில் அது பக்கச் சுவர்க்காரராக இருக்கும். முன்பின் பழக்கமில்லாத வீட்டில் புகாருக்கு மறுநாளே போய் நின்றால், மிரட்ட வந்ததாகக்கூட எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

மாடிவீடு24

மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். இங்கிலாந்து, மிட்லண்ட்ஸ் பக்கம். தலைப்பிலேயே எழுதியிருக்கிறேனே, கவுன்சில் கடிதம்தான், அவர்களுடைய சுற்றுச்சூழல் நலப் பிரிவு. பழைய வீட்டைப் பிரித்து இரண்டு ஃபிளாட் ஆக்கியிருக்கிறார்கள், நாங்கள் மாடி. என்ன சத்தம் என்பதற்குக் கால் மிதிக்கும் சத்தம், இடிப்பது போன்ற சத்தம், இரவு நேரம் என்று மட்டும் போட்டிருக்கிறது. மகனுக்கு ஒன்றரை வயது. தரை முழுக்க லேமினேட் பலகை.

இரவுப்பணி

பழைய வீட்டைப் பிரித்த ஃபிளாட் என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊர் வீடுகளைச் சொல்லுங்கள்! கீழே ஒருவர் தும்மினால் மேலே கேட்கும். நான் நர்ஸ், பகலில் தூங்குகிறவள். பக்கத்து வீட்டுக்காரர் காலை பத்து மணிக்குத் துளை போடும் மெஷினை எடுப்பார். ஐந்து முறை கவுன்சிலுக்கு எழுதினேன். பகல் நேரத்து நியாயமான வேலை, ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். நமக்கு வலித்தால் யாரும் வருவதில்லை. நம் குழந்தை நாலடி ஓடினால் மட்டும் கடிதம் வந்துவிடுகிறது.

குளிர்நாடு

அதேதான். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் நடுராத்திரி வரை பாட்டு ஓடுகிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை. நாங்கள் பிறந்தநாளுக்குப் பத்துப் பேரைக் கூப்பிட்டோம், எட்டரை மணிக்கே சுவரைத் தட்டினார்கள். ஏஜென்டிடம் சொன்னால் அவர் மின்னஞ்சலையே பார்ப்பதில்லை. வாடகை ஏற்றும்போது மட்டும் இரண்டு நிமிடத்தில் பதில் வரும்.

பழையபெட்டி

முன்பணம் திரும்பக் கிடைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா இங்கே?

இரவுப்பணி

எனக்குப் பாதிதான் வந்தது. சுவரில் ஆணி அடித்த தழும்பு என்று பிடித்துக்கொண்டார்கள். அந்த ஆணி நான் போவதற்கு முன்பே இருந்தது.

ஹவுசிங்அக்கா

முன்பணக் கதையை வேறு ஒரு நாள் பேசலாம். ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

நான் இங்கிலாந்தில் பதினோரு வருடம் வீட்டு வசதிச் சங்கத்தில் வேலை பார்த்தேன். இந்தக் கடிதங்களின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். தங்கை, உங்களுக்கு வந்திருப்பது தீர்ப்பு இல்லை. புகார் வந்திருக்கிறது என்ற தகவல், அவ்வளவுதான். 1990-ம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் வந்தால் விசாரிக்க வேண்டியது கவுன்சிலின் கடமை. உண்மையா பொய்யா என்று தெரிவதற்கு முன்பே இந்தக் கடிதத்தை அனுப்பிவிடுவார்கள். நீதிமன்றம் என்ற சொல்லும் அச்சடித்த வாசகம்தான், எல்லாருக்கும் அதே தாள்.

இதற்குப் பிறகு பெரும்பாலும் நடப்பது இது. புகார்க்காரரிடம் ஒரு குறிப்புத் தாள் கொடுப்பார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன சத்தம், எவ்வளவு நேரம் என்று அவர் சில வாரங்கள் எழுத வேண்டும். சில கவுன்சில்கள் போனில் பதிவு பண்ணும் செயலியைக் கொடுக்கின்றன. அவர் அதைத் திருப்பி அனுப்பவில்லை என்றால் கோப்பு பெரும்பாலும் அங்கேயே மூடப்படும். அனுப்பினால் அதிகாரி படித்துப் பார்ப்பார். தேவைப்பட்டால் அந்த வீட்டில் ஒலிப்பதிவுக் கருவி வைப்பார், இல்லையென்றால் நேரில் வந்து கேட்பார்.

இத்தனை டெசிபலைத் தாண்டினால் குற்றம் என்று இந்தச் சட்டத்தில் ஒரு கோடு கிடையாது. எந்த நேரம், எவ்வளவு நேரம், வாரத்தில் எத்தனை முறை, சாதாரண மனிதர் ஒருவரால் இதைத் தாங்க முடியுமா என்று பார்த்துத்தான் அதிகாரி முடிவு பண்ணுவார். இரவுப்பணி தங்கைக்கு மறுப்பு வந்ததற்கும் காரணம் இதுதான். பகலில் தூங்குகிறவரின் தனித் தேவையை இந்தச் சட்டம் அளவுகோலாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கும் அது நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படி.

குழந்தை நடப்பது, ஓடுவது, அழுவது, நீங்கள் சமைப்பது, கதவு மூடுவது எல்லாம் சாதாரணக் குடித்தனச் சத்தம். 1999-ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, லண்டன் ஃபிளாட்டுகள் சம்பந்தமான இரண்டு வழக்குகளில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சுவரும் தரையும் மெல்லிசாக இருப்பதால் அண்டை வீட்டின் அன்றாட வாழ்க்கை காதில் விழுகிறது என்றால், வாழ்கிறவர்மேல் குற்றம் இல்லை என்பதுதான் அதன் சாரம். உங்கள் மகனைத் தரையில் விடுங்கள்.

மாடிவீடு24

அக்கா, இதைப் படித்து அழுதுவிட்டேன். நன்றி. விசா?

ஹவுசிங்அக்கா

இந்தக் கடிதம் குற்றப் பதிவு இல்லை. விசாரணை முடிந்து சத்தத்தை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தால்கூட அது தண்டனை இல்லை. அதை எதிர்த்து மேஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 21 நாள் இருக்கிறது. நோட்டீஸையும் மீறி, வழக்குப் போட்டு, நீதிமன்றம் குற்றம் என்று தீர்ப்புச் சொன்னால் மட்டும்தான் அது குற்றப் பதிவாகும், விசா விண்ணப்பத்திலும் சொல்ல வேண்டி வரும். நீங்கள் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறீர்கள்.

வீடும் அப்படித்தான். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஓனர் உங்களை வெளியேற்ற முடியாது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் காரணம் சொல்லாமல் காலி பண்ணச் சொல்லும் பிரிவு 21 நோட்டீஸும் இல்லை. அண்டை வீட்டாருக்குத் தொல்லை என்ற காரணத்தில் அவர் வழக்குப் போடலாம், அது உண்மை. ஆனால் ஆதாரம் காட்ட வேண்டும். காட்டினாலும் வெளியேற்றுவது நியாயமா என்று நீதிபதி பார்ப்பார்.

பழையபெட்டி

அப்படியானால் ஓனரிடம் சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னது சரிதானே?

ஹவுசிங்அக்கா

இல்லை ஐயா, இந்த இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கவுன்சிலே ஓனரைத் தொடர்பு கொள்ளலாம். அவர்கள் வாயால் முதலில் கேட்பதைவிட உங்கள் கையெழுத்தில் முதலில் போவது நல்லது. அதோடு தரையைப் போட்டவர் ஓனர்தான். பழைய வீட்டைப் பிரித்த ஃபிளாட்டில் பலகைக்கு அடியில் ஒலி தடுக்கும் விரிப்பு இருக்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும். ஒலித்தடுப்புக்கான இன்றைய கட்டட விதிகள் 2003-ல் வந்தவை, அதற்கு முன்பு பிரித்த வீடுகளில் பல அந்தத் தரத்தில் இல்லை. நீண்ட கால லீஸில் இருக்கும் மாடி ஃபிளாட்டுகள் பலவற்றில் தரைக்குக் கம்பளம் கட்டாயம் என்று லீஸிலேயே எழுதியிருக்கும், அதை மீறிப் பலகை போட்டது ஓனர் என்றால் பொறுப்பும் அவருடையது. ஆகவே மின்னஞ்சலில் நாலே வரி. கடிதம் வந்தது, பதில் எழுதுகிறேன், தரைக்குக் கம்பளம் போட முடியுமா என்று.

இப்போது எனக்குப் பதில் வேண்டும். கடிதத்தில் இடிப்பது போன்ற சத்தம் என்று இருக்கிறதே, அது குழந்தையின் காலாக இருக்க முடியாது. உங்கள் வீட்டில் இரவு என்ன நடக்கிறது?

மாடிவீடு24

சொல்லவே சங்கடமாக இருக்கிறது. அவருக்குக் கிடங்கில் ஷிஃப்ட். பன்னிரண்டரைக்கு வருவார். சீருடை ஒன்றுதான் கொடுத்திருக்கிறார்கள், அதனால் அப்போதே வாஷிங் மெஷினில் போட்டுவிடுவோம், காலைக்குள் காய வேண்டுமே. அது சுற்றும்போது கொஞ்சம் ஆடும். அப்புறம் அவர் அப்பா அம்மாவிடம் பேசுவார். அங்கே அப்போதுதான் விடியும். அப்பாவுக்குக் காது மந்தம், அதனால் இவரும் சத்தமாகத்தான் பேசுவார்.

தூக்கமில்லாதவன்

தங்கை, நான் புகார் கொடுத்த பக்கத்தில் இருந்தவன். மனம் நோகச் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். மேல்வீட்டில் ராத்திரி ஒரு மணிக்கு மெஷின் கடைசிச் சுற்று சுற்றும்போது என் கட்டில் அதிரும். என் மனைவி அப்போது ஏழு மாதம். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். எழுதிய அன்று எனக்கும் தூக்கம் வரவில்லை, மேலே இருப்பவர்களும் நம்மைப் போல வந்தவர்களாயிற்றே என்று. அவர்கள் மெஷினைப் பகலுக்கு மாற்றினார்கள். அன்றோடு சரி, மாடிப்படியில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம்.

இரவு 11 முதல் காலை 7 வரை தனிச் சட்டமே இருக்கிறது, 1996-ல் வந்தது. அந்த நேரத்தில் சத்தம் அளவைத் தாண்டுவதாக அதிகாரிக்குப் பட்டால் எச்சரிக்கை. அதையும் மீறினால் வீடுகளுக்கு 110 பவுண்டு வரை உடனடி அபராதம். எல்லாக் கவுன்சிலும் அதைக் கையில் எடுப்பதில்லை. இருந்தாலும் அந்த எட்டு மணி நேரத்தை மட்டும் நீங்கள் சரி செய்துவிட்டால் இந்தப் புகாரில் பெரிய பகுதி போய்விடும்.

குளிர்நாடு

இதெல்லாம் சரி, ஆனால் நிறத்தைப் பார்த்துப் புகார் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

ஹவுசிங்அக்கா

இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். யாராவது நேரில் அப்படிப் பேசினாலோ கதவில் எழுதினாலோ தேதி போட்டுக் குறித்து, படம் எடுத்து, அவசரமில்லாத புகாருக்கான 101 எண்ணில் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். கவுன்சில் அதிகாரிக்கும் தெரியப்படுத்த வேண்டும். ஆனால் இந்தக் கடிதத்தில் அதற்கான அடையாளம் இல்லை. ஒரு மணிக்கு மெஷின் ஓடுவது உண்மை. முதலில் அதைப் பார்ப்போம்.

தங்கை, அந்த மெஷின் புதிதா, வீட்டோடு வந்ததா?

மாடிவீடு24

நாங்கள் வாங்கியதுதான் அக்கா, புதிது. கொண்டுவந்தவர்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள், அவரே குழாயை மாட்டினார்.

ஹவுசிங்அக்கா

பின்பக்கம் பாருங்கள். வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்க நீளமான போல்ட்டுகள் போட்டு முடுக்கியிருப்பார்கள். ஓட்டுவதற்கு முன் அவற்றைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் மெஷின் தரையில் குதிக்கும், கீழே இடிப்பது போலவே கேட்கும்.

கவுன்சிலுக்கு இப்படி எழுதுங்கள். கடிதத்தின் மேலே இருக்கும் கோப்பு எண்ணைப் போடுங்கள். கடிதம் கிடைத்தது, வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை உண்டு, கணவருக்கு இரவு ஷிஃப்ட், மெஷினை இனி பகலில்தான் ஓட்டுவோம், தரைக்கு விரிப்புப் போடுகிறோம், ஓனருக்கும் எழுதியிருக்கிறோம், அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பதானாலும் சம்மதம். எது சத்தம் என்று தெளிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும் என்றும் கேளுங்கள். நீங்களும் ஒரு நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். எப்போது மெஷின் ஓடியது, எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எந்த நாள் வீட்டிலேயே இல்லை என்று. அவர்கள் குறிப்பில் உள்ள தேதியும் உங்கள் நோட்டும் ஒத்துப்போகாவிட்டால் அதிகாரி அதையும் கவனிப்பார். இதற்குப் பிறகும் நோட்டீஸ் என்று ஏதாவது வந்தால் அன்றே சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் போன்ற தொண்டு அமைப்புகளிடம் போங்கள், ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

மாடிவீடு24 (ஆறு நாள் கழித்து)

நான்கு போல்ட். நான்கும் அப்படியே இருந்தன. கழற்றிவிட்டுப் பகலில் ஓட்டினோம், மேலே வைத்த தண்ணீர்க் குவளை அசையவில்லை. சீருடை இன்னொன்று கேட்டு வாங்கிவிட்டார். அப்பாவிடம் பேசுவதை ஷிஃப்டுக்குப் புறப்படும் முன் மாற்றிக்கொண்டோம். அவர்களுக்கு அப்போது மாலை, அப்பாவும் களைப்பில்லாமல் பேசுகிறார். கூடத்துக்குத் தடித்த விரிப்பு வாங்கினோம். ஓனர் இன்னும் பதில் எழுதவில்லை.

நேற்று கவுன்சில் அம்மா போன் பண்ணினார். நல்லபடியாகப் பேசினார். குறிப்புத் தாள் திரும்பி வரும்வரை கோப்பு திறந்தே இருக்கும், கவலைப்பட வேண்டாம் என்றார். கீழ்வீட்டுப் பாட்டி இன்று காலை குப்பை வைக்கும்போது மகனைப் பார்த்துக் கையாட்டினார். அவர்தானா என்று நான் கேட்கவில்லை.

பழைய போல்ட்டுகளைக் குப்பையில் போட்டுவிடலாமா அக்கா?

ஹவுசிங்அக்கா

வேண்டாம் வேண்டாம். ஒரு பையில் போட்டு மெஷினின் பின்னாலேயே ஒட்டி வையுங்கள். வீடு மாறும்போது மறுபடி மாட்ட வேண்டும், இல்லையென்றால் வண்டியில் போகும்போது டிரம் கெட்டுவிடும். ஓனருக்கு எழுதிய மின்னஞ்சலையும் அழித்துவிடாதீர்கள்.