‘வாழ்க்கைச் சுழற்சி’யா, ‘வளர்தளர் போக்கா’? சுற்றுலாத் தலங்கள் குறித்த கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

சுற்றுலாத் தலம் ஒன்று கண்டறியப்பட்டு, வளர்ந்து, தேங்கி, பிறகு சரியவோ மீளவோ செய்யும் போக்கைப் புவியியலாளர் ரிச்சர்ட் பட்லர் 1980-இல் ஒரு மாதிரியாக வகுத்தார். அதனை ‘சுற்றுலாத் தல வாழ்க்கைச் சுழற்சி’ என மோரிசியஸ் மாணவருக்கான நம் கலைச்சொற்பட்டியலில் சேர்க்கலாம் என்று குழுவில் ஐயா ஒருவர் வைத்த முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. வாழ்க்கைச் சுழற்சி என்றதும் மாணவர் மனத்தில் வருவது முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி, மீண்டும் முட்டை என்னும் வட்டம். பட்லரின் வரைபடத்தில் வட்டமே இல்லை. மெல்லத் தொடங்கி, வேகமாக ஏறி, தேக்கத்தில் தட்டையாகி, அங்கிருந்து பல கிளைகளாகப் பிரியும் ஒரு கோடுதான் இருக்கிறது. ‘சுழற்சி’ ஒரு பண்டத்தின் விற்பனை ஏறி இறங்குவதைக் குறிக்க வணிகவியலார் சொல்லும் ‘பண்ட வாழ்க்கைச் சுழற்சி’யிலிருந்து அவர் வாங்கிய சொல். அந்தக் கடனை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

‘பருவம்’ என்ற மாற்றுச் சொல் அழகானதே. ஆனால் ஆண்டிறுதியில் ஓட்டல்கள் நிரம்பி வழியும் மாதங்களைச் ‘சுற்றுலாப் பருவம்’ என்று முன்பே எழுதி வருகிறோம். ஒரே பாடத்தில் இரண்டு பருவங்கள் மோதும். உயிரியலார் நிலைநாட்டிவிட்ட ‘வளர்சிதை மாற்றம்’ என்பதன் அச்சில் ‘வளர்தளர் போக்கு’ என்பதை முன்வைக்கிறேன்.

முதல் நிலைகளுக்குச் சொல் தேடுவது கடினமன்று. நம் தீவின் வடகரையிலுள்ள கிரான் பே மீனவர் ஊராக இருந்தபோது வந்து போன சிலரோடு நின்றது ‘கண்டறிதல்’. உள்ளூரார் தம் படகில் வெளியாரை ஏற்றிக் கடலுக்குள் அழைத்துச் சென்றதும், ‘கம்ப்மான்’ எனும் கடலோர விடுமுறை வீட்டை வாடகைக்கு விட்டதும் ‘ஈடுபாடு’. பெருமுதல் வந்து, ஓட்டலும் கடைத்தெருவும் எழுந்து, முடிவெடுக்கும் உரிமை உள்ளூரார் கையை விட்டு நழுவுவது ‘வளர்ச்சி’. இடையில் வரும் ஒரு நிலையைக் கடைசியில் சொல்கிறேன்; அதன் பின் வருவன ‘தேக்கம்’, ‘சரிவு’ ஆகியவை. இவற்றில் யாருக்கும் மறுப்பிருக்காது.

சிக்கல் மீள்வதைக் குறிக்கும் சொல்லில்தான் இருக்கிறது. ‘மறுமலர்ச்சி’யை ஐரோப்பிய வரலாறு எடுத்துக்கொண்டுவிட்டது. ‘புதுப்பித்தல்’ என்றால் ஓட்டலுக்குச் சாயம் பூசி நீச்சல் குளத்தை அகலப்படுத்துவதாக ஆகிவிடும். சென்ற மடலில் ஒருவர் கரும்பு வழக்கிலிருந்து ‘மறுதாம்பு’ என்றார். நம் தீவில் அது பிடிக்கும் சொல்தான். ஆனாலும் பொருள் எதிராகப் போகிறது. வெட்டிய கட்டையிலிருந்தே மறுதாம்பு தளிர்க்கிறது. சில வெட்டுகளுக்குப் பின் விளைச்சல் குறையும்போது, கட்டையைப் பிடுங்கி எறிந்து புதுக் கரணை நட்டாக வேண்டும். பட்லர் சொல்வது இந்த இரண்டாவதையே: தலத்தின் ஈர்ப்பு அடியோடு மாறாமல் மீட்சி ஏறத்தாழ இல்லை என்கிறார். அவர் காட்டும் சான்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி. அந்தப் பழைய கடற்கரை நகரம் 1978-இல் முதல் சூதாட்ட விடுதியைத் திறந்தது. இதுவரை பயன்படுத்தாத இயற்கை வளத்தைக் கையில் எடுப்பது இன்னொரு வழி. ஆகவே ‘மறுநடவு’ என்கிறேன். வேளாண் துறையார் சண்டைக்கு வரலாம். ‘தேக்கம்’ மட்டும் எங்கிருந்து வந்ததாம், தேங்கும் நீரிலிருந்துதானே?

இந்தச் சொல்லால் நம் ஊர் நிகழ்வு ஒன்றையும் விளக்க முடிகிறது. வெளிநாட்டார் இங்கே வீடு வாங்க வழிசெய்த திட்டம் 2002-இல் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் சர்க்கரை விலையை 2006 முதல் படிப்படியாக 36 விழுக்காடு குறைத்தபோது, கரும்பு நின்ற நிலத்தில் வில்லாவும் கோல்ஃப் மைதானமும் ஊன்றுவது தோட்ட நிறுவனங்களுக்கு இன்னும் எளிதாகிவிட்டது. இதை மறுநடவு என்றால் மாணவருக்குச் சட்டென்று விளங்கும். யார் நட்டார், யார் நிலத்தில் என்றும் கேட்பார்கள். ‘புத்துயிர்ப்பு’ என்ற சொல்லிடம் அப்படிக் கேட்கத் தோன்றாது.

வளர்ச்சிக்கும் தேக்கத்துக்கும் இடைப்பட்ட நிலைக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. வளரும் வேகம் குறைந்தும் மொத்த வருகை கூடிக்கொண்டே போய், வருவோர் தொகை குடியிருப்போர் தொகையைத் தாண்டும் கட்டம் அது. 2018-இல் ஏறத்தாழ 14 லட்சம் பேர் வந்த மோரிசியஸில் மக்கள்தொகை 13 லட்சத்துக்கும் குறைவு (தீவு முழுவதையும் ஒரே தலமாகக் கொள்ளலாமா என்பது வேறு வழக்கு). ‘உறுதிப்படல்’ என்ற சொல் அங்கே நிலவும் நெருக்கடியை மறைக்கிறது. ‘நிலைபெறல்’ ஓரளவு பரவாயில்லை. பொருத்தமான சொல் தோன்றுவோர் எழுதுங்கள்.