ரேடியஸ் கணக்கில டேட்டா குறையுது, இரவுப் பாவனை பகலில ஏறுது

வெள்ளவத்தை வயர்:
அடுக்குமாடிகளில 140 இன்டர்நெட் இணைப்பு. பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல்லோட இணையிற முறை), மைக்ரோடிக் ரவுட்டர், ஃப்ரீரேடியஸ் (ஆர் எவ்வளவு பாவிச்சவை எண்டு கணக்கு வைக்கிற ரேடியஸ் சேர்வர்), மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். இன்டரிம் அப்டேட் (ரவுட்டர் இடையிடையே அனுப்பிற பாவனைக் கணக்கு) 5 நிமிஷத்துக்கு ஒருக்கா. பக்கேஜ்: பகல் 100 ஜிபி, இரவு 12 தொடக்கம் காலை 8 வரை 100 ஜிபி. அடிக்கடி லைன் அறுந்து வாற ஆக்களின்ர கணக்கு சரி. நாள்கணக்கா அறாமல் ஓடுற ஆக்களுக்குத்தான் குறையுது. ஒருத்தருக்கு ரவுட்டர் இன்டர்ஃபேஸில 38.6 ஜிபி, டேபிளில 2.6. அதோட இரவில பாவிச்சது பகல் ஒதுக்கீட்டில கழியுது. மாதமுடிவு பில்லுக்கு முன்னம் திருத்தவேணும்.

கொட்டாஞ்சேனை நெட்:
38.6இல 2.6 கழிச்சா 36. அதாவது 9 தரம் 4. விடை அதுக்குள்ளயே இருக்கு. ஆக்டெட்ஸ் எண்ணி, அதாவது பைட்டை எண்ணுறது, 32 பிட். 4,294,967,296 பைட் வந்ததும் பழைய கரண்ட் மீட்டர் போல திரும்ப 0. எத்தனை தரம் சுத்தினது எண்டது கிகாவேர்ட்ஸ் எண்ட வேற புலத்தில வரும். கிகாவேர்ட்ஸை 4,294,967,296ஆல் பெருக்கி ஆக்டெட்ஸைக் கூட்டினாத்தான் உண்மைத் தொகை.

1813 போர்ட்டில டிசிபிடம்ப் (பக்கெட்டுகளைப் பிடிச்சுப் பார்க்கிற கருவி) போட்டு, அக்கவுண்டிங் பக்கெட்டில கிகாவேர்ட்ஸ் வருதா எண்டு பாருங்கோ. வந்தா பிழை உங்கட எஸ்கியூஎல் குவெரியில, அதாவது டேபிளில எழுதுற கட்டளையில. ஃப்ரீரேடியஸோட வாற குவெரி ரெண்டையும் சேர்க்கும். ஆரோ கைவைச்சு மாத்தியிருப்பினம். டேபிளில அந்த நிரல் (column) பிக்இன்ட்டா, அதாவது 32 பிட்டுக்கு மேல கொள்ளுற வகையா எண்டதையும் பாருங்கோ, வெறும் இன்ட் எண்டால் குவெரியைத் திருத்தியும் பலனில்லை.

இன்புட் எண்டா ரவுட்டருக்குள்ள வந்தது, அதாவது வாடிக்கையாளரின்ர அப்லோட். டவுன்லோட் அவுட்புட்டில. இதை மாத்திப் போட்ட பில்லிங்கும் இருக்கு.

பம்பலப்பிட்டி பிரிட்ஜ்:
இரவுப் பிரச்சினை குவெரியைத் திருத்திப் போகாது. ரேடியஸ் டேபிளில ஒரு செஷனுக்கு, அதாவது இணைஞ்சதில இருந்து அறும்வரைக்கும், ஒரே வரி. ஒவ்வொரு இன்டரிமும் அதையே மேலெழுதும். இரவு 11க்குத் தொடங்கி அடுத்த நாள் முழுக்க ஓடின செஷனை அதை வச்சுப் பிரிக்க ஏலாது.

தனி டேபிள் போடுங்க: செஷனின் தனி அடையாளம், பயனர், நேரம், இன்புட், அவுட்புட். ஒவ்வொரு இன்டரிமும் புது வரி. 140 இணைப்பும் முழுநாளும் ஓடினால் 40,320 வரி, இது ஒரு சுமையே இல்ல. பில் போடுறது அடுத்தடுத்த ரெண்டு வரியின் வித்தியாசத்துக்கு, மொத்தத்துக்கு இல்ல. ஒரு இன்டரிம் வழியில தொலைஞ்சாலும் பயமில்ல. எண்ணி கூட்டுத்தொகை என்பதால் அடுத்தது அதையும் சேர்த்துக் கொண்டுவரும்.

7:58க்கும் 8:03க்கும் நடுவில விழுந்த 5 நிமிஷத்தை 2க்கு 3 எனப் பிரிக்கலாம். என்னைக் கேட்டால் முழுதையும் இரவிலயே போடுங்க. அந்தச் சில எம்பிக்காக வாற சண்டைதான் செலவு கூட.

சேர்வர் நேரத்தையும் பாருங்க. யூடிசியில (இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால) இருந்தால் உங்கட 'நள்ளிரவு' காலை 5:30க்குத் தொடங்கி, பிற்பகல் 1:30 வரை போகும்.

வெள்ளவத்தை வயர்:
பக்கெட்டில கிகாவேர்ட்ஸ் 9 எண்டே வருது, குவெரியில இல்லை. சேர்வர் நேரமும் யூடிசிதான். இன்னொண்டு: கரண்ட் போய் வந்தா சில செஷன் முடியாமலே தொங்குது. மூடேக்க எந்த நேரத்தைப் போடுறது?

கொட்டாஞ்சேனை நெட்:
கடைசி இன்டரிம் வந்த நேரம். இப்ப மணி எத்தனையோ அதைப் போடாதீங்கோ. ரவுட்டர் நிண்டா ஸ்டாப் பக்கெட், அதாவது செஷன் முடிஞ்சுது எண்ட செய்தி, வராது. 15 நிமிஷம், அதாவது மூண்டு இன்டரிம் வராட்டி மூடுங்கோ. நட்டம் ஆகக்கூடினது 5 நிமிஷப் பாவனை. ஸ்டாப் பக்கெட் திரும்பத் திரும்ப வந்தாலும் ரெண்டுதரம் கணக்கில ஏறாமல், செஷன் அடையாளத்தையும் எண்ணியின்ர பெறுமதியையும் சேர்த்து யுனீக் கீ போடுங்கோ.

பம்பலப்பிட்டி பிரிட்ஜ்:
பக்கேஜில 100 ஜிபி என்றால் எத்தனை பைட் என்பதை ஒப்பந்தத்திலயே எழுதுங்க. 1000 கணக்கில 100 ஜிபி, விண்டோஸில 93.1 ஆகத் தெரியும். முறைப்பாட்டில பாதி அதுதான்.

போன மாதங்களில குறைவா அடிச்ச பில்லை இப்ப கூட்டி அனுப்பாதீங்க. ஃப்ரீரேடியஸின் டீடெய்ல் ஃபைல் (வந்த பக்கெட்டுகளின் பதிவு) சேமிச்சிருந்தால் அதில பழைய கிகாவேர்ட்ஸ் கிடைக்கும், ஆனால் அதை உங்கட இழப்பைக் கணக்குப் பார்க்க மட்டும் வச்சிருங்க.