சிறுநீரும் இரத்தமும் சொன்னவை, சொல்லாமல் விட்டவை: நம் அனுபவங்கள்

அப்பாவுக்காகப் பரிசோதனைகளுக்கு அலைந்த மகள்:

அப்பாவின் சிறுநீரில் இரத்தம் கலந்து வந்தது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. மறுநாளே தானாக நின்றும்விட்டது. "சூடாக இருக்கும், தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்" என்றார் அப்பா. வலியில்லாமல் இரத்தம் போவதுதான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகப் பலருக்கும் இருக்கும் என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் பரிசோதனைக்கு இசைந்தார்.

முதலில் சிறுநீர் சைட்டாலஜி, அதாவது சிறுநீரில் உதிர்ந்து வரும் செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பது. ஊசி கிடையாது, குழாய் கிடையாது, ஒரு டப்பாவில் சிறுநீர் கொடுத்தால் போதும். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர் வேண்டாம், அடுத்த முறை போவதைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். இரவெல்லாம் பையில் தேங்கிய செல்கள் சிதைந்துபோயிருக்குமாம். புற்றுச் செல்கள் எதுவும் தென்படவில்லை என்று முடிவு வந்ததும் வீடே நிம்மதி அடைந்தது.

டாக்டர் மட்டும் விடவில்லை. "சைட்டாலஜி சரியாக இருக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் இரத்தம் வந்தது பொய்யில்லையே. உள்ளே பார்த்தே ஆக வேண்டும்" என்றார். சிறுநீர்ப்பைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்தார்கள். வீரியம் குறைந்த வகை, தசைக்குள் இறங்கவில்லை என்று பயாப்சி சொன்னது. திரும்ப வரக்கூடிய நோய் என்பதால் குறித்த இடைவெளியில் உள்ளே பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கட்டி உள்ளே இருந்தும் சிறுநீரில் ஏன் தெரியவில்லை? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

சைட்டாலஜி ஆய்வகத்தில் பணிபுரிபவர்:

உங்கள் அப்பாவின் மாதிரியைப் பார்த்தவர் எதையும் தவறவிட்டிருக்க வேண்டியதில்லை. வீரியம் மிகுந்த புற்றுநோயில் செல்லின் உட்கரு பெரிதாகவும் கறுத்தும் ஓரங்கள் ஒழுங்கற்றும் தெரியும். அப்படிப்பட்ட செல்கள் எளிதில் உதிர்ந்து சிறுநீரில் வந்து சேரும். வீரியம் குறைந்த கட்டியின் செல்களோ கிட்டத்தட்ட இயல்பான செல்களைப் போலவே இருக்கும். ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் குறைவாகத்தான் உதிரும். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான 'பேப்' பரிசோதனையால் நாம் அறிந்த மருத்துவர் பாப்பனிகொலாவ், மார்ஷல் என்பவருடன் சேர்ந்து 1945-இல் சிறுநீர்ச் செல்களைப் பற்றி எழுதினார். அன்று தொடங்கிய முறையின் பலமும் பலவீனமும் இன்றும் அவைதான். சிறுநீர்ச் சைட்டாலஜி முடிவுகளை எழுத எங்கள் துறை பின்பற்றும் பாரிஸ் முறையிலும், வீரியம் மிகுந்த புற்றுநோய்க்கு அறிகுறி இல்லை என்று மட்டுமே எழுதுவோம். மற்ற வகையும் இல்லை என்று அதற்குப் பொருளில்லை.

ஒரு வேண்டுகோள். கல், தொற்று, அண்மையில் குழாய் வைத்தது ஆகியவற்றைப் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். இவற்றாலும் செல்கள் உருமாறித் தெரியும். வெற்றுப் படிவத்துடன் வரும் மாதிரிகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

இளம் தாய்:

என் கதை வேறு. கர்ப்பத்தின்போது குழந்தையின் குரோமோசோம்களை அறிய இரத்தம் கொடுத்தேன். நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் இரத்தத்தில் கலக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைப் பார்க்கும் பரிசோதனை அது. பல குரோமோசோம்களில் ஒரே நேரத்தில் குளறுபடி தெரிந்தது. பனிக்குட நீரை எடுத்துப் பார்த்தார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. அப்படியானால் அந்தத் துணுக்குகள் யாருடையவை? என்னுடையவை. மார்புக்குள் இருந்த நிணநீர்ப் புற்றுநோய் அவற்றை இரத்தத்தில் உதிர்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு தொந்தரவும் இருக்கவில்லை. இரண்டாவது மும்மாதத்தில் கீமோ தொடங்கினார்கள். மகள் நலமாகப் பிறந்தாள், நானும் நலம்.

இது மிக அரிது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 1,25,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளில் 3,757 அசாதாரண முடிவுகள் வந்தன. அவர்களில் 10 தாய்மார்களுக்குப் புற்றுநோய் இருந்தது தெரிந்தது. ஆகவே இதைப் படிக்கும் கர்ப்பிணிகள் பயப்பட வேண்டாம். பல குரோமோசோம்களில் சிக்கல் என்று வந்து, குழந்தை இயல்பாக இருந்தால் மட்டும், "எனக்கு ஏதாவது இருக்குமா?" என்று கேளுங்கள்.

ஐம்பதைக் கடந்தவர்:

பல புற்றுநோய்களை ஒரே இரத்த மாதிரியில் தேடும் புதிய பரிசோதனையைச் செய்துகொண்டேன். "புற்றுநோய் சமிக்ஞை உள்ளது" என்று வந்தது. சி.டி., பெட் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார்கள். எதுவும் அகப்படவில்லை. இல்லை என்று நம்புவதா, இன்னும் கண்ணில் படவில்லை என்று அஞ்சுவதா? என் மனைவி அந்த மாதங்களில் சரியாகத் தூங்கவே இல்லை.

பிறகு இத்தகைய பரிசோதனையைப் பற்றிய பாத்ஃபைண்டர் என்ற ஆய்வைத் தேடிப் படித்தேன். 6,621 பேரில் 92 பேருக்குச் சமிக்ஞை வந்தது. புற்றுநோய் உறுதியானது 35 பேருக்கு; மற்ற 57 பேரும் என்னைப் போன்றவர்கள். அந்த ஓராண்டில் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் மொத்தம் 121 பேர். அதாவது, பெரும்பாலானவர்களை இந்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கவில்லை. இந்த எண்களை இரத்தம் எடுப்பதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். இது என் கோபம், மறைக்க விரும்பவில்லை. முடிவு நன்றாக வந்தவர்களும் வழக்கமான மேமோகிராம், கொலனோஸ்கோப்பி போன்றவற்றை நிறுத்திவிடாதீர்கள்.

சினைப்பைப் புற்றுநோய்க்குத் தாயைப் பறிகொடுத்தவர்:

எனக்கும் அக்காவுக்கும் ஆண்டுதோறும் சி.ஏ. 125 (சினைப்பைப் புற்றுநோயில் இரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) பார்த்தால் போதும் என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்தோம். ஆனால் மாதவிலக்கு, கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது) எல்லாவற்றிலும் அந்த அளவு ஏறக்கூடும். அதைவிடப் பெரிய செய்தி பிரிட்டனில் 2,00,000-க்கும் அதிகமான பெண்களைச் சேர்த்து நடந்த ஆய்வில் கிடைத்தது. அறிகுறி இல்லாத பெண்களிடம் சி.ஏ. 125-இன் ஏற்ற இறக்கத்தை ஆண்டுதோறும் கவனித்ததில் நோய் சற்று முந்திய நிலையில் அகப்பட்டது. ஆனால் இறப்புகள் குறையவில்லை என்று 2021-இல் அறிவித்தார்கள். முன்னதாகக் கண்டுபிடித்தால் உயிர் பிழைக்கலாம் என்று அம்மா போன நாளிலிருந்து நம்பியவள் நான். அந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இப்போது மரபியல் ஆலோசகரிடம் போகிறோம். மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் அக்காவுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. பிள்ளைப்பேறு முடிந்துவிட்டதால் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொள்ள அக்கா முடிவெடுத்திருக்கிறாள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உடனே மாதவிலக்கு நிரந்தரமாக நின்றுவிடும், அதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் அவளுடைய இப்போதைய கவலை. இதைக் கடந்து வந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் அவளுக்காக எழுதுங்கள்.