பால்கனிச் சாமானையெல்லாம் எடுத்துட்டுப் போய்ட்டாங்க, திருப்பி வாங்கறது எப்படிங்க? (அவசரம்)

திருப்பூர்_பனியன் (இழை தொடங்கியவர்)
வணக்கமுங்க. கப்பல்ல இருக்கறேன், வைஃபை கொஞ்ச நேரத்துக்குத்தான் வாங்கியிருக்குது, அதனால சுருக்கமாச் சொல்லீர்றேன். சாப்பிட்டுட்டு ரூமுக்கு வந்து பாத்தா பால்கனில வெச்சிருந்தது ஒண்ணையும் காணோம். பாதி கட்டல் மேல கெடக்குது, மீதி எங்கன்னே தெரியலை. கதவுல ஒரு மஞ்சக் கார்டு மாட்டியிருக்காங்க. ஃபைன் போடுவாங்களா? யாருகிட்டக் கேக்கோணும்? காசு குடுத்துத்தான பால்கனி ரூம் எடுத்தோம், அங்க நம்ம பொருள வெக்கக் கூடாதுங்களா? தெரிஞ்சவங்க வெரசாச் சொல்லுங்க.

கரூர்_ஜவுளி
என்ன சாமானுங்க? துணியா, கரண்டு ஐட்டமா? கார்டுல என்ன எழுதியிருக்குது? கம்பெனி பேரு இங்க போட வேண்டாம், அது விதி. எங்க ஏறுனீங்க, ரூம் கப்பலோட முன்பக்கமா பின்பக்கமா, அத மட்டும் சொல்லுங்க.

பெருந்துறை_வயர்மேன்
காணாமப் போனதுல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்துதுங்களா? இருந்தா பதிலே வேற.

டெக்_பன்னெண்டு
டிக்கெட் போடும்போது "ஒப்புக்கொள்கிறேன்"னு டிக் அடிச்ச பக்கத்துல இதெல்லாம் வரிசையா இருந்திருக்கும். யாரும் படிக்கறதில்லை, அப்புறம் இங்க வந்து அவசரம்னு இழை போடறது. அந்தக் கார்டைத் திருப்பிப் பாருங்க. பின்பக்கமும் அச்சடிச்சிருப்பாங்க.

திருப்பூர்_பனியன்
சிங்கப்பூர்ல ஏறுனமுங்க. ரெண்டு வேட்டி, துண்டு, பசங்க துணி. கம்பிக்குக் கம்பி நைலான் கயிறு கட்டிக் காயப் போட்டிருந்தேன். கட்டல் மேல துணி இருக்குது, கயித்தக் காணோம்.

உடுமலை_காத்தாலை
காரணம் காத்துங்க, வேற ஒண்ணுமில்லை. கப்பல் 20 நாட் வேகத்துல போனா மணிக்கு 37 கிலோமீட்டர். எதுக்காலே அதே 20 நாட் காத்து அடிச்சுதுன்னா ரெண்டும் சேந்து உங்க வேட்டி மேல 74 கிலோமீட்டர்ல வந்து விழுகும். ஆடி மாசம் பல்லடம் பக்கம் அடிக்கற காத்தாட்டந்தான், ஆனா ஒரே திசையில அடிக்காது. கப்பலோட பக்கவாட்டுல ஓடற காத்து, பால்கனி நடுத்தடுப்புல மோதி உள்ளுக்குள்ள சுழலும், அப்புறம் வெளிய இழுக்கும். சேர் மேல மடிச்சு வெச்ச துண்டு கூட மேல எந்திரிச்சுப் போறது அதனாலதான். கிளிப் போட்டா நிக்கும்னு நெனைக்காதீங்க, கிளிப்போட சேந்து போகும். போய் கீழ் மாடிப் பால்கனில விழுந்தா தப்பிச்சோம். லைஃப் போட் தொங்கற கப்பி, கம்பில சுத்திக்கிச்சுன்னா அது வேற தலைவலி. ராத்திரில ஒரு வெள்ளை வேட்டி பறந்து விழுந்தா, பக்கவாட்டுக் கேமராவுல பாக்கறவருக்கு ஆள் விழுந்துட்டாரோன்னு சந்தேகம் வரும்.

ஈரோடு_மஞ்சள்
காத்து ரெண்டாவதுங்க. மொதக் காரணம் நெருப்பு. 2006 மார்ச் 23, ஜமைக்காவுக்குப் போய்ட்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பல். அணைக்காத சிகரெட் துண்டு ஏதோ ஒரு பால்கனில விழுந்து பத்தியிருக்கலாம்னு பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைல சொன்னாங்க. பால்கனித் தடுப்பு பாலிகார்பனேட், சேர் டேபிள் பிளாஸ்டிக். ஒரு பால்கனில இருந்து அடுத்ததுக்கும் மேல் மாடிக்கும் நிமிசக் கணக்குல தாவிருச்சு. ஒருத்தர் இறந்தாரு, 79 ரூம் மொத்தமா வீணாப் போச்சு. அன்னைக்கு பால்கனில தண்ணி தெளிக்கற குழாயும் கெடையாது, தீ உணர்ற கருவியும் கெடையாது. மேல் மாடிக்காரன் சுண்டி விடற சிகரெட் கடலுக்குப் போகாது, காத்து திருப்பிக் கீழ்ப் பால்கனிக்குள்ள கொண்டாந்து போடும். அங்க உங்க காஞ்ச துண்டு தொங்குதுன்னு வெச்சுக்கங்க.

உடுமலை_காத்தாலை
அப்பக்கூட அந்த சிகரெட்டைக் கொண்டாந்தது காத்துதானுங்களே 😀

கரூர்_ஜவுளி
நீங்க ரெண்டு பேரும் அப்பறம் சண்டை போடுங்க. அவருக்குத் துணி காயோணும்.

பாத்ரூம்ல ஷவருக்கு மேல சின்ன வட்டமா ஒரு டப்பி இருக்கும், இழுத்தா கயிறு வரும், எதுத்த செவுத்துல இருக்கற கொக்கில மாட்டிக்கலாம். உள்ளாடை, குழந்தைத் துணி, மெல்லிசு பனியன் மட்டுந்தான் அது தாங்கும். ஈர வேட்டியப் போட்டா டப்பியே கையோட வந்துரும். வேட்டிய நல்லாப் பிழிஞ்சு, காஞ்ச குளியல் துண்டுக்குள்ள வெச்சு இறுக்கிச் சுருட்டி, அது மேல ஏறி மிதிங்க. பாதி ஈரம் துண்டுக்குப் போயிரும். அப்புறம் ரெண்டு ஹேங்கர்ல விரிச்சுப் போட்டு ஏசி காத்து வர்ற பக்கமா மாட்டுனா, மெல்லிசு காட்டனுக்கு ஒரு ராத்திரி போதும். பாத்ரூம்ல காத்து இழுக்கற ஃபேன் நாள் பூரா ஓடும், கதவ ஒருக்களிச்சு வைங்க. ஜீன்ஸ், தடிச்ச டர்க்கி டவல் காயாது, அது லாண்டரிக்குத்தான். வெளிய போட்டாலும் உப்புக் காத்துல நமுத்துப் பிசுபிசுன்னுதான் இருக்கும், பின்பக்க ரூம்னா புகைபோக்கிக் கரி வேற படியும். சலவைத் துணி நாசந்தான்.

பொள்ளாச்சி_அம்மிணி
காந்தக் கொக்கி கொண்டு போலாமுங்களே? ரூம் செவுரெல்லாம் இரும்புத் தகடுதான்.

கரூர்_ஜவுளி
பல கப்பல்ல விடறாங்க, ரூமுக்குள்ள மட்டும். ஆனா அட்டைல 10 கிலோன்னு போட்டிருக்கறது நேரா இழுக்கற கணக்கு. செவுத்துல ஒட்டி கீழ தொங்க விட்டா 2, 3 கிலோவுலயே வழுக்கும். அடியில ரப்பர் இருக்கறதா வாங்குங்க. எடுக்கறப்ப சாய்ச்சு எடுக்கோணும், இழுத்தா பெயிண்ட் போயிரும். காந்தப் பட்டை இருக்கற பழைய மாடல் ரூம் கார்டைப் பக்கத்துல வெக்காதீங்க.

இன்னொண்ணு, இது முக்கியம். மேல கூரைல தெரியற சின்னக் கண்ணாடிக் குமிழ் வெச்ச குழாயில ஹேங்கரை மாட்டவே கூடாது. அது தீ அணைக்கற ஸ்ப்ரிங்க்ளர். 57 டிகிரியோ 68 டிகிரியோ சூடு வந்தா உடையற குமிழ், ஹேங்கர் கம்பி பட்டாலும் உடையும். உங்க ரூமும் பக்கத்து ரூமும் நனையற வரைக்கும் தண்ணி நிக்காது.

திருப்பூர்_பனியன்
சரிங்க்ணா. பாக்ஸும் காணோமுங்க. கதவு இடுக்குல வயர வெளிய விட்டு டேபிள் ஃபேன் போட்டிருந்தேன். ஃபேன் கட்டல் மேல இருக்குது.

பெருந்துறை_வயர்மேன்
கேட்டேனில்லீங்க. ஸ்பைக் பஸ்டர்தான? சிவப்பு சுவிட்ச்சு, உள்ள சர்ஜ், அதாவது திடீர்னு ஏறற வோல்டேஜத் தடுக்கற சமாச்சாரம்?

கப்பல் கரண்டு ஊட்டுக் கரண்டு மாதிரி இல்லீங்க. நம்ம ஊட்டுல நியூட்ரல் பூமில கட்டியிருக்கும். கப்பல்ல பெரும்பாலும் ரெண்டு வயருமே உயிருள்ள வயர், ரெண்டுமே கப்பல் உடம்போட சேராது. எங்கியோ ஒரு வயர் கப்பல் உடம்புல பட்டாலும் பியூஸ் போகாது, தொடந்து ஓடிட்டே இருக்கும். அப்படி ஓடறப்போ, ஸ்பைக் பஸ்டருக்குள்ள வயருக்கும் எர்த்துக்கும் நடுவுல இருக்கற வேரிஸ்டர் (அந்த சர்ஜ் தடுக்கற பாகம்) மேல தாங்காத வோல்டேஜ் ஏறி, சூடாகிப் பத்திக்கும். உங்க சிவப்பு சுவிட்ச்சும் ஒரு வயரத்தான் வெட்டும், ஆஃப் பண்ணுனாலும் இன்னொண்ணு உயிரோட நிக்கும். அதனாலதான் இதப் பாத்த ஒடனே எடுத்துக்கறாங்க. இப்பல்லாம் பல கம்பெனில சர்ஜ் இல்லாத சாதா பாக்ஸும் கூடாது.

கதவு இடுக்குல வயர விட்டது அதவிட மோசம். அந்தக் கதவு கனம், ஓரத்துல ரப்பர் வரும். நசுங்கி வயர் தோல் கிழியும், வெளிய உப்பு ஈரம். வயர் இருக்கறதால கதவும் முழுசா மூடாது, காத்து அடிக்கறப்போ ஆடி ஆடி வெட்டும். அதுக்குப் பதிலா வயர் இல்லாம நேராச் செருகற 4 முனை யூஎஸ்பி சார்ஜர் ஒண்ணு போதும், அத விடுவாங்க. இஸ்திரிப் பொட்டி, கெட்டில், தண்ணில போடற காயில், இண்டக்ஷன் எல்லாமே கூடாது.

நாமக்கல்_லாரி
கதவப் பத்திச் சொல்லும்போதே சொல்லீர்றேன். பால்கனிக் கதவத் தொறந்து வெச்சிருக்கறப்போ ரூம் வாசக் கதவத் தொறக்காதீங்க. காத்து ஒரு பக்கம் பூந்து மறுபக்கம் போகும், கதவு அறைஞ்சு சாத்துச்சுன்னா விரல் நிக்காது. ஒருத்தர் வெளிய போகோணும்னா பால்கனிக் கதவச் சாத்தி, கைப்பிடிய முழுசாத் திருப்பி, அப்புறம் போகோணும். பல கப்பல்ல அந்தக் கதவு தொறந்திருந்தா ஏசி தானா நின்னுக்கும், இல்லாட்டி ரூமுக்குள்ள தண்ணி வேர்க்கும்.

ஆமா, பால்கனில எதுக்குங்க ஃபேன்? அங்கதான் காத்து அடிக்குதே?

திருப்பூர்_பனியன்
பாப்பா தூங்கறதுக்கு. தூளி கட்டியிருந்தோம். சீலையும் கட்டல் மேலதான் இருக்குது.

பொள்ளாச்சி_அம்மிணி
பால்கனிலயா தூளி?? எதுலங்க கட்டுனீங்க?

திருப்பூர்_பனியன்
ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி, ஒரு பக்கம் நடுத்தடுப்புச் சட்டம்.

டெக்_பன்னெண்டு
இதை முதல் பதிவுல எழுதாம வேட்டிய எழுதியிருக்கீங்க. அந்தக் கார்டு துணிக்காக வந்ததுன்னு நினைச்சுட்டு இருக்கீங்களா?

நடுத்தடுப்பு சுமை தாங்கறதுக்குப் போட்டதில்லை, மறைப்புக்குப் போட்டது. பல கப்பல்ல பக்கத்து ரூம்காரங்க சொந்தமா இருந்தா ஊழியரே சாவி போட்டுத் தொறந்து விடற கதவு அது. அதுல ஆடற சுமையைக் கட்டினா கீல் விடும். ஹம்மாக் தடை பண்றதும் இதே கணக்குத்தான். கைப்பிடிச் சுவரோட உயரம் அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போற பெரிய கப்பல்களுக்கு 2010 சட்டப்படி 42 அங்குலம், அதாவது 1.07 மீட்டர். பெரியவங்க நிக்கறப்ப தவறி விழாம இருக்க வெச்ச அளவு. கயிறு, தூளி, சேர், சூட்கேஸ் எது கம்பிக்குப் பக்கத்துல வந்தாலும் அது படியாயிடும், 42 அங்குலம் பாதியாயிடும். பெரிய பசங்களும் கூட இருக்காங்கன்னு துணிக் கணக்குல தெரியுது. சேரை எப்பவும் ரூம் கண்ணாடிப் பக்கமா ஒட்டிப் போடுங்க.

பொள்ளாச்சி_அம்மிணி
அவர் பயந்துட்டு இருக்காரு, கொஞ்சம் பதமாச் சொல்லுங்ண்ணா. தம்பி, ரூம் சுத்தம் பண்றவங்ககிட்ட "பேபி காட்"னு கேளுங்க, மடக்குக் கட்டில் கொண்டாந்து போடுவாங்க. பெரும்பாலும் காசு கெடையாது, ஆனா எண்ணிக்கை கம்மி, இப்பவே கேட்டு வைங்க. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்துல போடாதீங்க, வெயில் அடிக்கும். ஃபேன் ரூமுக்குள்ள, கட்டில்ல இருந்து கை எட்டாத தூரத்துல.

ஈரோடு_மஞ்சள்
இவ்வளவு பயப்பட வேண்டியதில்லீங்க. அந்த விபத்துக்கு அப்புறம் சோலாஸ்ங்கற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிய 2006 டிசம்பர்ல மாத்தி, 2008 ஜூலை 1ல இருந்து எல்லாக் கப்பல் பால்கனிலயும் தண்ணி தெளிக்கற குழாயும் தீ உணர்ற கருவியும் கட்டாயம்.

டெக்_பன்னெண்டு
"எல்லா" இல்லை. பால்கனில கப்பல்காரங்க போட்டிருக்கற நாற்காலி, மேசை தீப்பிடிக்கற ஆபத்து குறைஞ்ச வகையா இருந்தா அந்தக் குழாய் வேண்டியதில்லைன்னு அதே விதியில இருக்கு. பல பால்கனில அலுமினியச் சட்டத்துல நாற்காலி போடறது அதுக்குத்தான். அந்தக் கணக்கு அவங்க பொருளை மட்டும் வெச்சுப் போட்டது. உங்க நைலான் கயிறு, பாலியஸ்டர் துணி, பிளாஸ்டிக் பாய் வந்தா கணக்கே தப்பு. தலைக்கு மேல குழாய் இல்லாத பால்கனியா இருந்தா ஒரு பாயே அதிகம்.

ஈரோடு_மஞ்சள்
பழைய கப்பலுக்கும் பொருந்தும்னுதான சொன்னேன், தப்பாச் சொல்லலையே.

டெக்_பன்னெண்டு
"எல்லாக் கப்பல் பால்கனிலயும்"னு எழுதியிருக்கீங்க. மேல இருக்கு.

உடுமலை_காத்தாலை
ஆரம்பிச்சுட்டாங்கய்யா.

அவிநாசி_பக்தர்
இடையில ஒரு சந்தேகம். காலைல ஊதுபத்தி மட்டும் பால்கனில ஏத்திக்கலாமுங்களா? பூசை முடிச்ச பூவக் கடல்ல விடலாமில்லீங்களா?

ஈரோடு_மஞ்சள்
ஊதுபத்தி, சூடம், விளக்கு ரூம்லயும் கூடாது, பால்கனிலயும் கூடாது. பேட்டரில எரியற விளக்கு கொண்டு போங்க. பயணி எதையும் கடல்ல போடக்கூடாது, பூவும் குப்பைதான். கப்பல் கடல அசுத்தம் பண்றதத் தடுக்கற மார்போல் விதி 2013 ஜனவரி 1ல இருந்து ரொம்பக் கடுசு. கவர்ல போட்டு ரூம் ஆள்கிட்டக் குடுத்துருங்க.

அவிநாசி_பக்தர்
கடல் தாய்க்குப் போடற பூவக் குப்பைங்கறது மனசுக்கு ஒப்பலைங்க.

நாமக்கல்_லாரி
பூவோட கட்டியிருக்கற நைலான் நூலு, சரிகை, பிளாஸ்டிக் கவரு எல்லாஞ்சேந்துதான போகுது? அதுக்குத் தனி இழை போடுங்க சாமி.

கரூர்_ஜவுளி
திருப்பூர் தம்பி, கேட்டதுக்கு வர்றேன். கீழ வரவேற்புல கஸ்டமர் சர்வீஸ் கவுண்டர் இருக்கும். மஞ்சக் கார்டையும் ரூம் நம்பரையும் காட்டுங்க. பறிச்ச பொருளுக்கு ரூம் நம்பர் போட்ட டேக் கட்டி செக்யூரிட்டில வெச்சிருப்பாங்க, அதுக்குச் சீட்டு ஒண்ணு கேட்டு வாங்கிக்கங்க. பொதுவா இறங்கற அன்னைக்குக் காலைல திருப்பித் தருவாங்க, வரிசை இருக்கும், கடைசி நிமிசத்துக்கு விடாதீங்க. மொதத் தடவைன்னா பெரும்பாலும் எச்சரிக்கையோட விடுவாங்க. பால்கனில சிகரெட்டுக்கு மட்டும் பல கம்பெனில 250 டாலருக்குக் குறையாது. நீச்சல்குளத்துத் துண்டு எண்ணிப் பாருங்க, காணாமப் போனா துண்டுக்கு 25 டாலர் வரைக்கும் கணக்குல ஏத்துவாங்க.

பெருந்துறை_வயர்மேன்
பவர் பேங்க்க வெயில்ல வெச்சு சார்ஜ் போட்டிருந்தா அதயும் உள்ள எடுத்து வைங்க. அதப் பெரும்பாலும் பறிக்க மாட்டாங்க, ஆனா லித்தியம் பேட்டரி சூடேறக் கூடாது.

திருப்பூர்_பனியன்
கேட்டாச்சு. கயிறும் பாக்ஸும் டேக் போட்டு வெச்சிருக்காங்க, இறங்கறப்போ தர்றாங்களாம். ஃபைன் இல்லை. கட்டல் வந்துருச்சு. நீலத் துண்டு ஒண்ணுக்குக் காசு புடிச்சுட்டாங்க. நன்றிங்க எல்லாருக்கும், வைஃபை முடியப் போகுது.

உடுமலை_காத்தாலை
அந்த நீலத் துண்டு காத்துல போச்சா, நெருப்புல போச்சான்னு மட்டும் சொல்லீட்டுப் போங்க தம்பி.

கோபி_பயணி
வணக்கம், புதுசா சேந்திருக்கேன். அடுத்த மாசம் பால்கனி ரூம் போட்டிருக்கோம். சின்ன இண்டக்ஷன் அடுப்பு, ஒரு கயிறு, பாய் கொண்டு போலாமான்னு யாராச்சும் சொல்லுங்களேன்?

டெக்_பன்னெண்டு
மேல படிங்க.